படபடப்பையும் கூட்டிக்கொண்டு கிளம்புவது எப்படி: ஆக்ட் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. முகப்பு வரை வந்துவிட்டேன். உள்ளே வளவு என்கிற நடு முற்றம் நிறையச் சனம், மேளச் சத்தம், சந்தன வாசனை. நிலைவாசலைத் தாண்டக் காலைத் தூக்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. உள்ளங்கை வேர்த்தது. மூச்சு பாதியிலேயே நின்றது. 'இங்கேயே மயங்கி விழப்போறே, எல்லாரும் பார்க்கப்போறாங்க' என்று மனசு கத்தியது. மொய்க் கவரை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அப்படியே திரும்பி ஆட்டோ ஏறினேன். காரைக்குடி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த நிம்மதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஓடினால் நிம்மதி கிடைக்கிறது என்று உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும், அடுத்த தடவை அதுவே நம்மை ஓட்டும். அடுத்து ஒரு சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, போகவில்லை. அப்புறம் முன்னோருக்குப் படைக்கும் பங்காளி வீட்டுப் படைப்புக்குப் போகவில்லை. செட்டிநாட்டில் ஒரு வருடம் என்பதே இப்படிப்பட்ட விசேஷங்களால் ஆனது. ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்ததில், ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் என்னிடம் படபடப்பும் குறையவில்லை, மனிதர்களும் மிச்சமில்லை.

ஈசிஜி எடுத்தேன், தைராய்டு பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மதுரையில் ஓர் உளவியல் ஆலோசகர்தான் எனக்கு ஆக்ட் முறையை அறிமுகப்படுத்தினார். அவரிடம் கற்றதையும், பிறகு நானே படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். நான் சிகிச்சையாளர் இல்லை. இந்த முறையால் பலன் கண்டவள், அவ்வளவுதான்.

ஆக்ட் என்பது என்ன

அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி என்பதைச் சுருக்கி 'ஆக்ட்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். தமிழில் ஏற்பு-உறுதிச் சிகிச்சை எனலாம். மனதுக்குள் வருவதை வரவிடுவது ஏற்பு. அது இருக்கும்போதே நமக்கு முக்கியமானதைச் செய்வது உறுதி. இந்த இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது நிற்காது.

இதை உருவாக்கியதில் முதன்மையானவர் ஸ்டீவன் ஹேஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1978இல், வட கரோலைனாவில் கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழகத்தில் இளம் பேராசிரியராக இருந்தவர், துறைக் கூட்டம் ஒன்றில் பேச வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. பயத் தாக்குதல். அது மறுபடி வந்துவிடக் கூடாது என்று அவர் செய்த ஒவ்வொன்றும் அதை வளர்க்கவே செய்ததாக அவரே பேசியிருக்கிறார். இந்த அனுபவமும் ஆய்வும் சேர்ந்துதான் 1980களில் இந்த முறை உருவானது. கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் ஆகியோரோடு சேர்ந்து 1999இல் அவர் முதல் விரிவான நூலைக் கொண்டுவந்தார். சிகிச்சை சொல்லித் தருகிறவரே வாசலில் நின்று திரும்பியவர் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே. சொன்ன நிமிடமே குரங்கு வந்து உட்கார்ந்துவிடும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதையே சோதனையாகச் செய்தார். 'ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்' என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்றதும், முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிடக் கரடி அதிகமாக வந்தது. 'படபடப்பு வரக் கூடாது' என்று நான் அத்தனை நாள் காவல் காத்ததும் அதே கதைதான்.

இது எல்லா நோய்க்கும் மருந்தா? இல்லை. நாள்பட்ட வலியோடு வாழ்வதற்கு ஆக்ட் உதவுகிறது என்பதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பழைய அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையைவிட இது உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம், இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவுக்குத்தான் உதவுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இதன் அடிப்படையில் மன அழுத்தத்துக்கு ஒரு படக் கையேட்டை 2020இல் இலவசமாக வெளியிட்டது. அதற்கு முன்பே, உகாண்டாவில் தங்கியிருந்த தென் சூடான் அகதிப் பெண்கள் சுமார் 700 பேரிடம் இந்த முறையை ஐந்து அமர்வுகளாகச் சோதித்து, மன வேதனை குறைந்ததைப் பார்த்திருந்தார்கள். பாடத்தை ஒலிப்பதிவாகவே போட்டுக் கேட்கவைத்தார்கள். வீடும் ஊரும் போன பெண்களுக்கு உதவியதென்றால் நாமும் செய்து பார்க்கலாம்.

தொடங்குவதற்கு முன்

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்து உடம்பில் கோளாறு இல்லை என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள், யாரும் இல்லாத குரல் கேட்கிறவர்கள், பழைய கொடுமையின் நினைவில் அடிக்கடி உறைந்துபோகிறவர்கள் தனியாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். 14416 டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் எழுதுவதைவிடக் கையால் எழுதுவது மேல்.

முதல் படி: கணக்குப் பார்ப்பது

கணக்கு எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா என்று கடல் கடந்து வட்டிக்கடை வைத்தவர்கள் பேரேட்டை நம்பித்தான் போனார்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், அந்த வேதனையைத் துரத்த இதுவரை என்னென்ன செய்தீர்கள். இரண்டாவதில், உடனே கிடைத்தது என்ன. மூன்றாவதில், அதற்குக் கொடுத்த விலை என்ன.

என் நோட்டின் முதல் வரி: 'கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தேன் - அன்றைக்கு நிம்மதி - அத்தை மகள் இப்போது போனில்கூடக் கூப்பிடுவதில்லை.' இரண்டாவது: 'ராத்திரி முழுக்க யூடியூபில் அறிகுறி தேடினேன் - கொஞ்ச நேரம் தைரியம் - தூக்கம் போச்சு.' பதினோரு வரி எழுதினேன். இரண்டாம் பத்தியில் எல்லா வரியிலும் லாபம் இருந்தது. மூன்றாம் பத்தியைக் கூட்டிப் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். மூன்று நாள் எழுதுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. அத்தனை பாடுபட்டும் அந்த வழி வேலை செய்யவில்லை என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்க்க வேண்டும். அப்போதுதான் வேறு வழிக்கு மனம் இடம் கொடுக்கும்.

இரண்டாம் படி: 'ன்னு' போடுவது

இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இதற்குத் தமிழைவிடப் பொருத்தமான மொழி இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

'என்னால முடியாது.' இந்த வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பாருங்கள். தீர்ப்பு மாதிரி விழுகிறது. இப்போது கடைசியில் ஒரு வால் சேருங்கள்: 'என்னால முடியாதுன்னு மனசு சொல்லுது.' ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, மறுக்கவில்லை, எதிர்வாதம் பண்ணவில்லை. ஆனால் தீர்ப்பாக இருந்தது இப்போது ஒருவர் சொன்ன பேச்சாகிவிட்டது. பேச்சு என்றால் கேட்டுக்கொள்ளலாம். கேட்டபடி நடந்தாக வேண்டும் என்று இல்லை.

அடுத்த நாள் இன்னொரு வால்: 'என்னால முடியாதுன்னு மனசு சொல்லுதுங்கிறதைக் கவனிக்கிறேன்.' இன்னும் ஒரு அடி பின்னால் வந்துவிட்டீர்கள். எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் கிடைத்துவிட்டது.

இன்னொரு பயிற்சி மிகப் பழையது. எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது. ஒரு சொல்லை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் அர்த்தம் உதிர்ந்து வெறும் ஓசை மிஞ்சும். 'பால்' என்று சொல்லுங்கள். வெள்ளை நிறம், டபராச் சூடு, ஆடை எல்லாம் மனதில் வரும். பால் பால் பால் பால் என்று அரை நிமிடம் வேகமாகச் சொல்லுங்கள். மாடும் போய்விடும், டபராவும் போய்விடும். அப்புறம் உங்களைக் குத்துகிற சொல்லை எடுங்கள். எனக்கு அது 'அவமானம்'. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். 'மானம்அவ மானம்அவ' என்று அது எங்கேயோ போய்விட்டது.

இந்தப் பயிற்சியால் எண்ணம் ஓடிப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாளைக்கும் வரும். வந்தால் வால் போட்டு அனுப்புங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அடுத்தவர் துக்கத்தோடு வரும்போது 'அது வெறும் எண்ணம்தான்' என்று சொல்லிவிடாதீர்கள். இது தனக்குத் தானே செய்துகொள்வது.

மூன்றாம் படி: இடம் கொடுப்பது

படபடப்பு வரும்போது இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காருங்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது? தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? எவ்வளவு பெரியது? சூடா, பாரமா, இறுக்கமா? ஓரம் எங்கே முடிகிறது? மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி பொறுமையாகப் பாருங்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி மூச்சை விட்டு, 'சரி, நீ இருக்கிறாய், இருந்துகொள்' என்று விடுங்கள். என்னுடையது தேங்காய் அளவு, நெஞ்சுக்குழிக்கு மேலே, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. முதல் தடவை இருபது நொடிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அதுவும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் 'ஏற்றுக்கொள்' என்ற சொல்லைப் பெண்களிடம்தான் அதிகம் சொல்கிறார்கள். அடித்தாலும் ஏற்றுக்கொள், குடித்துவிட்டு வந்தாலும் பொறுத்துக்கொள், எல்லாம் தலையெழுத்து. ஆக்ட் சொல்லும் ஏற்பு அது அல்லவே அல்ல. ஏற்க வேண்டியது உள்ளே வரும் பயத்தையும் துக்கத்தையும்தான். வெளியே நடக்கும் அநியாயத்தை அல்ல. பயம் இருக்கும்போதே கதவைத் திறந்து வெளியேறுவதும், 181 மகளிர் உதவி எண்ணை அழைப்பதும் இந்த முறையில் முழுச் சம்மதம் உள்ள செயல்கள்.

நான்காம் படி: இருக்கிற இடத்துக்கு வருவது

மனம் ஒன்று நேற்றில் இருக்கும், இல்லையென்றால் நாளையில் இருக்கும். திருப்பிக் கொண்டுவர வேண்டும். வெறுங்காலோடு தரையில் நில்லுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடாக இருந்தால் உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறும். ஐந்து பொருளைப் பாருங்கள், மூன்று சத்தத்தைக் கேளுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு இது சரியாகப் பிடிபட்டது அடுப்படியில். வெள்ளைப் பணியாரம் சுட்டவர்களுக்குத் தெரியும். பச்சரிசியும் உளுந்தும் நைசாக அரைத்த மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினால், கீழே போனது மெல்ல எழும்பி மேலே வரும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் விடும். அப்போது திருப்பி, சிவக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். கண்ணை எடுத்தால் சிவந்துவிடும். மனம் எங்கேயாவது ஓடினால் உடனே பணியாரம் காட்டிக்கொடுக்கும். ஒரு சாயங்காலம் முப்பது பணியாரம் சுட்டேன். ஏழு சிவந்தது. ஏழு தடவை எங்கே போனேன் என்று கவனித்தேன், ஏழு தடவை திரும்பி வந்தேன். மனம் போவது தப்பில்லை. திரும்பி வருவதுதான் பயிற்சியே.

ஐந்தாம் படி: வளவில் நிற்பது

புத்தகங்களில் 'சூழலாகத் தன்னை உணர்தல்' என்பார்கள். படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒரு ஐப்பசி மழையில்.

எங்கள் பழைய வீட்டில் வளவு வாசல் திறந்த வானம். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு உள்ளே இறங்கும். மழை வந்தால் மூலைக்கு மூலை அண்டாவை வைப்போம், தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து அதில் விழும். முதலில் டங் டங் என்று கேட்கும், நிறைய நிறையச் சத்தம் தடித்துப்போகும். அன்றைக்குப் பட்டாசாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நெஞ்சில் வழக்கமான தேங்காய். அப்போது தோன்றியது: இந்த வாசலில்தான் என் கல்யாணத்துக்கு மணவறை போட்டார்கள். இதே வாசலில்தான் அப்பத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். சித்திரை வெயிலில் இங்கே வற்றல் காய்ந்திருக்கிறது, பங்கு பிரித்த அன்று இங்கேதான் ஆளுக்கு ஆள் கத்தியிருக்கிறார்கள். எது வந்தாலும் வாசல் வேண்டாம் என்றதில்லை, எதையும் பிடித்து வைத்ததும் இல்லை. மழை வாசலில் பெய்கிறது. வாசல் மழை இல்லை.

என் பயமும் எனக்குள் பெய்கிறது. நான் பயம் இல்லை. 'நான் பயந்தாங்கொள்ளி' என்று இருபது வருடம் சொல்லிவந்த வாக்கியம் அன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்தது.

செய்முறை: கண்ணை மூடி, உங்களுக்கு ஏழு வயதில் நடந்த ஒன்றை நினையுங்கள். அப்புறம் இருபது வயதில் நடந்தது. அப்புறம் நேற்று நடந்தது. உடம்பு மாறிவிட்டது, ஆசைகள் மாறிவிட்டன, பயங்கள்கூட மாறிவிட்டன. மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரே. அந்த இடத்தில் ஒரு நிமிடம் இருங்கள். முதலில் ஒன்றும் தோன்றாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், இது பிடிபட நாளாகும்.

ஆறாம் படி: எதற்காக

இத்தனையும் எதற்கு? உங்களுக்கு முக்கியமான ஒன்றுக்காக. அதை விழுமியம் என்கிறார்கள். இலக்கு வேறு, விழுமியம் வேறு. மகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பது இலக்கு, ஒரு நாள் முடிந்துவிடும். அன்பான தாயாக இருப்பது விழுமியம், அது முடிவதே இல்லை, திசை மாதிரி. கிழக்கே நடக்கலாம், கிழக்கை அடைந்துவிட்டேன் என்று உட்கார முடியாது.

குடும்பம், நட்பு, வேலை, உடல்நலம், ஊருக்குச் செய்வது என்று ஐந்து தலைப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே 'இதில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறேன்' என்று ஒரு வரி. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை நம் விழுமியம் என்று நினைத்துவிடுவோம். சோதிக்க ஒரு கேள்வி உண்டு: இதை நான் செய்தது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும் செய்வேனா? 'விசேஷத்தில் தலை காட்ட வேண்டும்' என்று நான் எழுதியது இந்தக் கேள்வியில் அடிபட்டுப்போனது. 'என் மனிதர்களின் நல்லது கெட்டதில் கூட இருப்பவளாக' என்று எழுதியது நின்றது.

ஏழாம் படி: சின்னதாக நடப்பது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேல். இரண்டாம் நாளே கால் கொப்புளிக்கும். கொப்புளம் ஆறிய பிறகு நடக்கலாம் என்று யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வலியோடு அடுத்த ஊர் வரை நடக்கிறார்கள். போக வேண்டிய இடம் ஒன்று இருப்பதால் அந்த வலிக்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு செயல் எழுதுங்கள். 'எல்லாரோடும் நன்றாகப் பழகுவேன்' என்று எழுதாதீர்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, அப்போது மனசு என்ன சொல்லும் என்பதையும் 'ன்னு' போட்டு எழுதுங்கள், உடம்பில் எங்கே வரும் என்பதையும் எழுதுங்கள். எழுதிவிட்டால் வரும்போது திடுக்கிட மாட்டீர்கள்.

என் முதல் வாரம்: 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, அத்தை மகளுக்குப் போன், ஐந்து நிமிடம்.' இரண்டாவது வாரம் அவள் வீட்டுத் திண்ணை வரை. மூன்றாவது வாரம் எழுதியதைச் செய்யவில்லை. செய்யாத வாரத்துக்கு அடுத்த வாரம் செயலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தன்னைத் திட்டிக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: 'இன்றைக்குப் படபடப்பு வந்ததா' என்று மதிப்பெண் போடாதீர்கள். 'எழுதியதைச் செய்தேனா' என்பதை மட்டும் குறியுங்கள். முதல் கேள்விக்குப் போனால் மறுபடியும் குரங்கும் மருந்தும்தான்.

ஏழு படியையும் வரிசையாக முடித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு கல்யாண வாசலில் எல்லாமே ஒரே நிமிடத்தில் தேவைப்படும்.

போன ஆவணியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். நோட்டில் 'முதல் பந்தி முடியும் வரை' என்று எழுதிக்கொண்டு போனேன். நிலைவாசலில் தேங்காய் வந்து உட்கார்ந்தது. மயங்கி விழப்போறேன்னு மனசு சொன்னது. கால் கல்லின் குளிர்ச்சியைத் தேடிப் பிடித்தது. உள்ளே போய் இலையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் ஆத்தா, இப்படி வேர்த்துப்போயிருக்கு?" என்றார்.

"படபடப்பா இருக்கு ஆச்சி. இருந்துட்டுப் போகட்டும், நான் சாப்பிட்டுத்தான் எந்திரிப்பேன்."

"சரி, அப்ப இந்தப் பணியாரத்தைப் போட்டுக்க" என்று தன் இலையிலிருந்து எடுத்து வைத்தார்.